முந்நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர்

மின்சாரக் கம்பெனி கொண்டுவந்த திட்டப் புத்தகம் நானூற்றுப் பத்துப் பக்கம் இருந்தது. மலைக்கிராமமான லகேரியில், கூட்டம் நடந்த பள்ளிக்கூட வகுப்பறையில், எல்லாரும் பார்க்கட்டும் என்று மேசைமேல் ஒரே ஒரு பிரதியை வைத்திருந்தார்கள். ஊரில் அதைப் புரட்டிப் பார்த்தவர்கள் நாலைந்து பேர். மற்றவர்கள் அட்டைப் படத்தைப் பார்த்து, "நம்ம ஆறு எப்பய்யா இவ்வளவு நீலமா ஓடிச்சு?" என்று சிரித்துவிட்டுப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

பிக்ரியா இருநூற்று முப்பத்தேழாம் பக்கத்தைத் தேடி எடுத்தாள். அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டியவை அவள் எழுதிய எண்கள்.

இருபத்துநாலு வருஷமாகக் கேரிச்சாலா ஆற்றின் மட்டத்தை அளப்பது அவள் வேலை. பாலத்துத் தூணில் சென்டிமீட்டர் கோடு போட்ட இரும்புப் பட்டை ஒன்று அடித்திருக்கும். காலை எட்டு மணிக்கு ஒரு தரம், மாலை ஆறு மணிக்கு ஒரு தரம், தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து இரண்டு நோட்டில் எழுதுவாள். ஒன்று மாதக் கடைசியில் தபாலில் நீர்த்துறைக்குப் போகும். இன்னொன்று அவள் வீட்டு மரப்பெட்டிக்குள் போகும். மார்பளவு பனி விழுந்த நாளிலும், காய்ச்சலில் கண் சொருகிய நாளிலும் அவள் பாலத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. இத்தனைக்கும் துறையிலிருந்து ஒரு ஆள் வந்து அவளைப் பார்த்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

கேரிச்சாலா மேலே, மலையிடுக்கில் கிடக்கும் பனியாற்றின் வாயிலிருந்து புறப்படுகிறது. பிப்ரவரியில் கல்லுக்குக் கல் தாவி, காலணி நனையாமல் கடந்துவிடலாம். ஜூலையில் சிமெண்டு கரைத்தது போலச் சாம்பல் நிறத்தில் உறுமிக்கொண்டு வரும். வெயில் அடிக்க அடிக்கப் பனி உருகுவதால், காலையில் ஆடு கடந்த இடத்தில் மாலையில் குதிரையை இறக்க முடியாது. இந்த ஆற்றைத்தான் மேலேயே சுவர் எழுப்பி மறித்து, மலைக்குள் சுரங்கம் குடைந்து, குழாயில் விட்டு மின்சாரம் எடுக்கப் போகிறார்கள். ஆற்றுப் படுகையில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் விடுவோம் என்று கம்பெனி சொன்னது.

பிக்ரியா விரலை வைத்துப் படித்தாள். பிப்ரவரி மாதத்துக்கு நேரே, அவள் எழுதியதைப் போல மூன்று மடங்கு தண்ணீர் அச்சாகியிருந்தது. விரல் கீழே இறங்கியது. ஏழு வருஷத்துக்கு முந்தைய ஆகஸ்ட் இரண்டாம் தேதிக்கு நேரே எண் இல்லை. ஒரு சின்னக் கோடு. அடிக்குறிப்பில் பொடி எழுத்து: 'பார்வையாளர் பிழை. கணக்கில் கொள்ளப்படவில்லை.'

பார்வையாளர் என்றால் அவள்தான். அவள் அதை மூன்று தரம் படித்தாள்.

அந்த ஆகஸ்டில் மூன்று நாள் விடாமல் வெதுவெதுப்பான மழை பனியாற்றின்மேல் கொட்டியது. இரண்டாம் தேதி மாலை ஆறு மணிக்கு இரும்புப் பட்டையில் முந்நூற்றுப் பன்னிரண்டு. அவள் கண்ணால் பார்த்து எழுதினாள். அவள் கணவன் முஷ்னி அப்போது அக்கரைப் புல்வெளியில், பக்கத்து வீட்டு மாடுகளை அவிழ்த்துவிடப் போயிருந்தான். மாடு மூன்றும் மேடேறி வந்துவிட்டன. முஷ்னியை நாலு நாள் கழித்து, பன்னிரண்டு கிலோமீட்டர் கீழே எடுத்தார்கள்.

கூட்டத்தை நடத்தியவர் நோதார் என்ற பொறியாளர். தலைநகரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. வந்த அன்றே ஊர்ப் பெரியவர்கள் வீட்டு வாசலுக்கெல்லாம் போய்க் கை கொடுத்தார், சேற்றில் நடந்தார், ஊர்ச் சாராயத்தை முகம் சுளிக்காமல் குடித்தார். வேலை வரும், சாலை வரும் என்று அவர் சொல்லி முடித்ததும் பிக்ரியா எழுந்து நின்றாள்.

"சார், இந்தப் பக்கத்துல ஒரு கோடு போட்டிருக்கீங்க. அந்தக் கோட்டுக்கு அடியில எங்க வீட்டு ஆள் கிடக்கறார்."

நோதார் பக்கத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த உதவியாளரிடம் ஏதோ கேட்டார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு பேசினார்.

"உங்க துக்கம் புரியுதும்மா. ஆனா இது புள்ளிவிவரம். ஒரு எண் மத்த எண்களோட ஒத்துப்போகலைன்னா அதை எடுத்துடுவாங்க. எல்லா நாட்டுலயும் அப்படித்தான்."

"வெள்ளம் மத்த நாளோட ஒத்துப்போகாது சார். ஒத்துப்போனா அதுக்குப் பேரு வெள்ளம் இல்ல."

பின்வரிசையிலிருந்து சியூரியின் குரல் வந்தது. முஷ்னி அவிழ்த்துவிட்ட மாடுகள் அவளுடையவைதான். "கணக்குலயே வராத வெள்ளம் என் தொழுவத்த மட்டும் எப்படி சார் கொண்டுபோச்சு? கம்பெனிகிட்ட அனுமதி வாங்காம வந்துடுச்சா?"

சிரிப்பு எழுந்தது. நோதாரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு, "அன்னிக்கு மழை, மேகம், உங்க கணவர் வேற… பதட்டத்துல கை நடுங்கியிருக்கும். மனுஷங்கதானே?" என்றார்.

"அவர் போனது ஆறேகாலுக்கு," என்றாள் பிக்ரியா. "நான் பட்டையைப் பாத்தது ஆறு மணிக்கு. ஆறு மணிக்கு நான் புருஷன் உள்ளவ சார். என் கை நடுங்கல."

அவள் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் நோதார் அவள் வீட்டுக்கே வந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது அவள் தம்பி ஜோகியா. பத்து வருஷம் படூமி போன்ற கடற்கரைப் பட்டணங்களில் கட்டட வேலை பார்த்துவிட்டு, அந்த வசந்தத்தில்தான் கம்பெனியின் மண் தோண்டும் இயந்திரம் ஓட்டும் வேலை கிடைத்து ஊர் திரும்பியிருந்தான். அவனுடைய இரண்டு பெண்கள் நகரத்தில் படிக்கிறார்கள். அக்காள் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

பிக்ரியா ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்தாள். நோதார் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். 'என் பதிவுகள் சிலவற்றில் பிழை இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்' என்று அதில் இருந்தது. பாலத்தில் புதிதாகத் தானியங்கி அளவு நிலையம் ஒன்று வைக்கப் போகிறார்களாம். அதற்கு அவள்தான் பொறுப்பாளர். மழையிலும் பனியிலும் போய் நிற்க வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து பெட்டியைப் பார்த்தால் போதும்.

"சாப்பிடுங்க சார்," என்றாள் பிக்ரியா. "இந்த வீட்டுல ரொட்டி உண்டு, பாலாடை உண்டு. அந்தக் கையெழுத்து மட்டும் இங்க விளையாது."

நோதார் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். சாப்பிட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார். ஜோகியா போகவில்லை.

"அக்கா, நீ ஒரு கையெழுத்துப் போட்டா ஆறு வத்திடுமா?"

"வத்திடும்டா. அதுக்குத்தான கேக்கறாங்க."

"மச்சான் போனது எனக்கு மட்டும் வலிக்கலயா? அந்த எண்ணைப் பிடிச்சுத் தொங்கினா அவர் திரும்பி வந்துடுவாரா? நான் இப்பதான் ஊர்ல கால் ஊனியிருக்கேன். என்னைத் திரும்பவும் படூமிக்கு சிமெண்டு சுமக்கத் துரத்தறியா?"

"உன்னை நான் துரத்தல. உன் பொண்ணுங்க லீவுக்கு வந்தா எங்க தூங்கறாங்க? ஆத்தோரத்து வீட்டுலதான? சின்ன வெள்ளத்துக்குக் கணக்குப் போட்டு மேல ஒரு சுவர் எழுப்புவாங்க. பெரிசு வந்தா அந்தச் சுவரும் சேர்ந்து உன் வீட்டு மேல வரும். அப்பவும் கீழ ஒரு குறிப்பு எழுதிடுவாங்க, பார்வையாளர் பிழைன்னு."

அவன் எழுந்து கதவை அறைந்துவிட்டுப் போனான். மூன்று வாரம் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடிச் சத்தியம் செய்தது. பழைய கல் காவல் கோபுரங்களுக்கு நடுவே இருக்கும் சிறிய கோயிலிலிருந்து புனித ஜார்ஜின் படத்தை வெளியே எடுத்துவந்தார்கள். பெரிய விஷயம் இல்லாமல் அந்தப் படம் வெயிலைப் பார்க்காது. வீட்டுக்கு ஒருவராக வந்து, படத்தின் வெள்ளித் தகட்டில் கை வைத்து, நிலம் தருவதில்லை, வழி விடுவதில்லை என்று சொன்னார்கள். சத்தியம் மீறினவன் வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள், சாவுக்குக் கூடப் போக மாட்டார்கள். பிக்ரியா கை வைத்துவிட்டுத் திரும்பியபோது, மதிலுக்கு வெளியே ஜோகியா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. உள்ளே வரவில்லை. போகவும் இல்லை.

ஆகஸ்டு பிறந்தது. ஐந்து நாள் தொடர்ந்து மேகமே இல்லை. ஆறாம் நாள் காலை எட்டு மணிக்குப் பட்டையைப் பார்த்த பிக்ரியா இன்னொரு தரம் குனிந்து பார்த்தாள். நூற்று நாற்பத்தாறு. அந்த நேரத்துக்கு நூற்றுப் பதினைந்து இருந்தால் அதிகம். மேலே இரவில் பனி உறையவே இல்லை, விடிய விடிய உருகியிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் இறங்காமலே அடுத்த ஏற்றத்துக்குத் தயாராக நின்றது.

அவள் நிமிர்ந்தபோது, பாலத்துக்குக் கீழே ஐம்பது அடி தள்ளி, ஆற்றின் நடுவிலிருந்த சரளைத் திட்டில் மஞ்சள் இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. அடிப்பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்கக் குழி தோண்டுகிறார்கள். உள்ளே ஜோகியா. கரையில் நோதார்.

பிக்ரியா கரைக்கு இறங்கினாள்.

"சார், மூணு மணிக்குள்ள மெஷினை வெளிய எடுத்துடுங்க. தண்ணி இன்னிக்கு நல்லா இல்ல."

"அஞ்சு மணி வரைக்கும் வேலை இருக்கும்மா. நேத்தும் அஞ்சு வரைக்கும் நின்னோம், முந்தாநாளும் நின்னோம். ஒண்ணும் ஆகல."

"நேத்து காலைல நூத்திப் பதினாலு. இன்னிக்கு நூத்தி நாப்பத்தாறு."

நோதார் பெருமூச்சு விட்டார். "அம்மா, உங்க எண்ணை வெச்சு இந்த வேலையை நிறுத்தணும்னு நீங்க நினைக்கறது எனக்குத் தெரியாமலா இருக்கு?"

அவள் திட்டைப் பார்த்துக் கையை வாயருகே குவித்தாள். "ஜோகியா! மூணு மணிக்கு ஏறி வந்துடு!"

ஜோகியா கண்ணாடியை இறக்கினான். கரையில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். நோதாரும் பார்த்தார். "நடுவுல விட்டுட்டு வர்ற ஆள் நாளைக்கு வர வேண்டாம்," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"வீட்டுக்குப் போக்கா," என்றான் ஜோகியா. "எல்லாரும் பாக்கறாங்க."

கண்ணாடி ஏறியது.

அவள் வீட்டுக்குத்தான் போனாள். வைக்கோல் சறுக்கு வண்டியில் கட்டும் நீளக் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். சியூரியையும், புல் அறுத்துக்கொண்டிருந்த ஏழெட்டு ஆண்களையும் கூப்பிட்டாள். சியூரி எதற்கு என்று கேட்கவில்லை. "காலி டின் ஏதாவது இருக்காடீ?" என்று பிக்ரியா கேட்டதற்கு மட்டும், "காலி இல்ல. காலி பண்ணித் தரேன்," என்று சாராயம் இருந்த பிளாஸ்டிக் டின்னைப் புல்லில் கவிழ்த்தாள். அவள் கணவன் அதைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

மூன்றரைக்கு ஆற்றின் சத்தம் மாறியது. தண்ணீருக்கு அடியில் கற்கள் உருளத் தொடங்கினால், தரை வழியாகக் காலுக்குள் ஏறும் ஒரு அதிர்வு உண்டு. கரையில் இருந்த வேலையாட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாலு மணிக்குத் திட்டு இரண்டாகப் பிளந்தது. ஜோகியா இயந்திரத்தைத் திருப்பினான். காலையில் அவன் இறங்கிவந்த வழி இப்போது இல்லை. அவன் தோண்டிப் போட்ட மண்ணையே ஆறு அரித்துக்கொண்டு போய், அந்த இடத்தை மடுவாக்கியிருந்தது. பாதி தூரம் வந்த இயந்திரம் முன்பக்கமாகக் குத்தி இறங்கி, இரண்டு தரம் இருமி நின்றது. ஜோகியா சன்னல் வழியாக நெளிந்து கூரைமேல் ஏறினான்.

கரையிலிருந்து கயிறு எறிந்தார்கள். எட்டவில்லை. திரும்ப எறிந்தார்கள்.

"எறியாதீங்க!" பிக்ரியா கத்திக்கொண்டே பாலத்துக்கு ஓடினாள். "மேலேருந்து விடணும், தண்ணியே கொண்டுபோகும்!"

டின்னைக் கயிற்று நுனியில் கட்டி, பாலத்தின் நடுவிலிருந்து ஆற்றில் விட்டாள். முதல் தரம் அது இடப்பக்கமாக ஒதுங்கிப் போய்விட்டது. இழுத்து, இரண்டு அடி தள்ளி நின்று மறுபடி விட்டாள். மஞ்சள் டின் குதித்துக் குதித்துப் போய் இயந்திரத்தின் கையில் மோதியது. ஜோகியா படுத்துக்கொண்டு எட்டிப் பிடித்தான்.

"நெஞ்சுக்குக் கீழ கட்டு! ரெண்டு முடிச்சு! கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்!"

"குதிடா!"

"அக்கா…"

"நான் பிடிச்சிருக்கேன். குதி!"

அவன் குதித்தான். மறுகணம் ஆள் தெரியவில்லை. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவர்கள் பாலத்திலிருந்து கரைக்கு ஓடி, சரிவில் விழுந்து எழுந்து இழுத்தார்கள். ஆறு அவனை ஓரத்துக்குச் சுழற்றிக்கொண்டு வந்தது. இழுத்தவர்களில் நோதாரும் இருந்தார். முழங்கால் வரை தண்ணீரில் நின்று, உள்ளங்கைத் தோல் கிழிய இழுத்தார். அதை ஊரில் யாரும் மறுக்கவில்லை.

ஜோகியா கல்லின்மேல் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கினான். தோள் மூட்டு விலகியிருந்தது. உயிர் இருந்தது. பிக்ரியா அவன் முதுகைத் தேய்த்தாள், தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவன்மேல் போட்டாள், கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள், பிறகு அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

ஆறு மணிக்கு அவள் எழுந்து பாலத்துக்குப் போனாள். திரும்பி வந்து, கல்லின்மேல் உட்கார்ந்து கையில் துணி சுற்றிக்கொண்டிருந்த நோதார் முன்னால் நின்றாள்.

"இருநூத்தி முப்பத்தொண்ணு. எழுதிக்குங்க சார். இதுவும் பிழைன்னா, அந்தப் பிழை உங்க மெஷினை முழுங்கிட்டு நிக்குது, பாருங்க."

நோதார் துணியின் நுனியைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார்.

பதில் சொன்னது கம்பெனி. ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. ஓட்டுநரின் கவனக்குறைவால் இயந்திரம் மூழ்கியது, ஓட்டுநர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார், மூழ்கியதை எடுக்கவும் வேலையைத் தொடரவும் பெரிய இயந்திரம் ஒன்று போலீஸ் பாதுகாப்போடு வருகிறது.

லகேரிக்கு ஒரே சாலை, மலை விளிம்பில் வெட்டிய மண் சாலை. அது வந்து சேரும் இடம் அந்தப் பாலம். பெண்கள் பாலத்தில் பெஞ்சுகளைக் கொண்டுவந்து போட்டார்கள். பிக்ரியா சமையலறை நாற்காலியைக் கொண்டுவந்து நட்ட நடுவில் போட்டாள். கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஜோகியா வந்து பாலத்து முனையில் தயங்கி நின்றான்.

"சத்தியம் பண்ணாதவனுக்கு இங்க இடம் உண்டா?"

சியூரி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஆறே உன்னை ஒரு தரம் மென்னு துப்பிடுச்சு. அதுக்கு மேல என்னடா சத்தியம்? வந்து உட்காரு. என் சாராயத்துக்கு மட்டும் எப்ப பதில் சொல்வேன்னு சொல்லிடு."

அவன் வந்து அக்காளின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவள் ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்தாள்.

மதியம் வந்து சேர்ந்தார்கள். முன்னால், சாலையை அடைத்துக்கொண்டு, இயந்திரத்தைச் சுமந்த நீளமான டிரெய்லர் லாரி, பின்னால் நோதாரின் ஜீப், அதற்குப் பின்னால் ஆறு போலீஸ்காரர்களோடு ஒரு வண்டி. ஜீப் மட்டும் ஓரமாக ஒதுங்கி நின்றது. லாரி பாலத்துக்கு இருபது அடி முன்னால் நின்று மூச்சு விட்டது.

போலீஸ் அதிகாரி உத்தரவைப் படித்தார். பத்து நிமிடத்தில் பாலத்தைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தூக்கி அப்புறப்படுத்துவோம்.

"தூக்குங்க," என்றாள் பிக்ரியா. "நாற்காலியோட சேர்த்துத் தூக்குங்க, எனக்கு முட்டி வலி. எங்க வேணா கொண்டுபோய் வைங்க. ஆறு மணிக்கு மட்டும் அந்தப் பட்டைக்குப் பக்கத்துல இறக்கி விட்டுடுங்க. எண் பாக்கணும்."

பாலமே சிரித்தது. ஒரு போலீஸ்காரன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தான். பத்து நிமிடம் ஆனது. யாரும் அசையவில்லை. அதிகாரி காகிதத்தை மடித்தார். அவருக்குப் பெண் கொடுத்த வீடு இந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். மூன்றாவது பெஞ்சில், கையில் ஜபமணியோடு, அவர் மாமியார் உட்கார்ந்திருந்தாள். மருமகனை முன்பின் தெரியாத ஆளைப் போல அவள் பார்த்தாள்.

நோதார் தனியாகப் பேச வேண்டும் என்றார். பிக்ரியா எழுந்து கைப்பிடிச் சுவர் ஓரம் போனாள்.

"உங்களுக்கு என்னதான் வேணும்? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"இருநூத்தி முப்பத்தேழாம் பக்கத்துல முந்நூத்திப் பன்னிரண்டைப் போட்டு, பிப்ரவரிக்கு நான் எழுதினதைப் போட்டு, மறுபடி அச்சடிச்சுக் கொண்டுவாங்க."

அவர் எழுத எடுத்த பேனாவை மூடினார். "அந்த ரெண்டையும் போட்டா இந்தத் திட்டம் நிக்காதும்மா. அவ்வளவு வெள்ளத்துக்குச் சுவர் கட்டி மாளாது, குளிர்காலத்துல டர்பைன் சுத்தத் தண்ணியும் இருக்காது."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"வேற எதுக்குக் கேப்பேன்?"

மூன்று நாள் எல்லாம் அப்படியே நின்றது. ஊர் முறை வைத்துப் பாலத்தில் உட்கார்ந்தது. லாரி ஓட்டுநர் போந்தோ கடலோரத்துக்காரன், பெரிய மீசை, மலையே ஆகாது. அதலபாதாளம் பக்கத்திலிருந்ததால் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறக்கவே மாட்டான். முதல் நாள் அவனுக்குச் சாப்பாடு கொண்டுவரக் கம்பெனிக்கு ஞாபகம் இல்லை. சியூரி ஒரு முழு குப்தாரியை, இறைச்சி பொதிந்து சுட்ட அந்தக் கனத்த ரொட்டியை, ஆவி பறக்க அவன் சன்னலில் நீட்டினாள். இரண்டாம் நாளும் நீட்டினாள். மூன்றாம் நாள் அவன் தானே இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "உப்பு இன்னிக்குக் கொஞ்சம் கம்மி," என்றான்.

"ஆமாடா, என் மாப்பிள்ளை பாரு, குறை சொல்றதுக்கு," என்றாள் சியூரி.

நாலாம் நாள் காலை போந்தோ நோதாரிடம் போனான். "சார், நான் கிளம்பறேன். மூணு நாளா இவங்க சோத்தைத் தின்னுட்டு இவங்க மேல வண்டி ஏத்தச் சொல்றீங்க. என்னால ஆகாது."

நோதார் தொலைபேசியில் மேலிடத்தோடு கத்தினார். மேலிடம் அவரிடம் கத்தியது. போந்தோ காதில் போட்டுக்கொள்ளவில்லை. லாரியில் ஏறினான், பின்னால் பார்த்தான், இறங்கிவிட்டான். வண்டி திரும்ப இடமே கிடையாது. திருப்பக்கூடிய முதல் இடம் ஒன்பது கிலோமீட்டர் கீழே, மரம் அறுக்கும் மில்லுக்கு எதிரில்தான். அதுவரைக்கும் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை.

"ஒன்பது கிலோமீட்டர் ரிவர்ஸா? கர்த்தரே!" என்றான் போந்தோ.

பாலமே ஜோகியாவைப் பார்த்தது.

"ஒத்தைக் கையில முடியுமாடா?" என்றாள் பிக்ரியா.

"கியர் இவன் போடட்டும்," என்றான் ஜோகியா. "ஸ்டியரிங் எனக்குப் போதும். நீ பின்னால நின்னு சொல்லு."

வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் கம்பெனி லாரியில் ஏறி உட்கார்ந்தான். பக்கத்தில் போந்தோ கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கியரைப் பிடித்துக்கொண்டான். போலீஸ் வண்டியும் நோதாரின் ஜீப்பும் கீழ்நோக்கி முதலில் இறங்கின. டிரெய்லருக்குப் பின்னால் பிக்ரியா நடந்தாள்.

"வா… வா… வா… ஒடி, ஒடி, இன்னும் ஒடி! நில்லு! நேராக்கு. வா…"

ஒரு வளைவில் பின்சக்கரம் விளிம்பு மண்ணை உதிர்த்தது. கல் ஒன்று உருண்டு போய், கீழே விழுந்த சத்தம் வர நேரம் ஆனது. "முன்னால போ! முன்னால!" அவள் இரண்டு கையையும் ஆட்டினாள். லாரி முன்னால் போய், நின்று, மறுபடி வந்தது. ஊர் முழுக்க முன்னும் பின்னும் கூட நடந்தது. யாரோ பாடத் தொடங்கினார்கள், மூன்று குரலில் மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கல்யாணத்துக்குப் போகிற கூட்டமா, யாரையாவது வழியனுப்பப் போகிற கூட்டமா என்று வெளியாள் பார்த்தால் சொல்ல முடியாது. காலை பத்து மணிக்குக் கிளம்பிய லாரி மில்லை அடைந்தபோது மூன்றரை.

போந்தோ இறங்கி ஜோகியாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். பிக்ரியாவின் கையையும் முத்தமிட்டான். ஜோகியா தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"அக்கா, நீ 'ஒடி'ன்னு சொன்னது எந்தப் பக்கம்னு கடைசி வரைக்கும் எனக்குப் புரியல."

"தெரியும்டா," என்றாள் அவள். "நானும் குத்துமதிப்பாத்தான் சொன்னேன்."

ஆறு மணிக்குள் பாலத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அவள் விறுவிறுவென்று ஏறத் தொடங்கினாள். அவன் பின்னாலேயே ஓடினான்.

அக்டோபரில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று அமைச்சகத்திலிருந்து: ஆற்றின் அளவுகளில் ஐயம் எழுந்துள்ளதால் புத்தகம் மறு ஆய்வுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது. ஊர் எழுதிய மனுவோடு பிக்ரியாவின் இருபத்துநாலு நோட்டுகளின் நகலும் போயிருந்தது. இன்னொரு கடிதம் துறையிலிருந்து: லகேரி அளவு நிலையம் மூடப்படுகிறது, பார்வையாளர் பணி இத்துடன் முடிகிறது. இரண்டாவது கடிதத்தைப் படித்த அன்றும் பிக்ரியா ஆறு மணிக்குப் பாலத்துக்குப் போனாள். இரும்புப் பட்டையைக் கழற்றி எடுத்துப்போக வந்த ஆளை ஊரார் பாலத்துக்குள் விடவில்லை. அவன் குப்தாரி சாப்பிட்டுவிட்டு, 'பட்டை கிடைக்கவில்லை' என்று எழுதிக்கொண்டு போனான்.

மூழ்கிய இயந்திரத்தைக் கம்பெனி எடுக்கவில்லை. அதன் கூரை வரைக்கும் இப்போது சரளை நிரம்பிவிட்டது. ஜோகியா ஊரோடு இருக்கிறான், மரம் அறுக்கும் மில்லில் லாரி ஓட்டுகிறான். பாலத்தின் நடுவில் ஆண்கள் பலகையடித்து ஒரு குடிசை போட்டு, உள்ளே தகர அடுப்பு வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்திலும் முறை வைத்து ஆள் இருக்கிறது. போந்தோ கடலோரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மூட்டை கருவாடு அனுப்பியிருந்தான், பாலத்துக்காரர்களுக்கு என்று மேலே எழுதி.

வசந்தத்தில் திரும்பி வருவோம் என்று கம்பெனி செய்தித்தாளில் சொல்லியிருக்கிறது. சியூரி அதை வாசித்துக் காட்டியபோது, பிக்ரியா அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே, "வரட்டும்," என்றாள்.